சேலத்து வெள்ளைக்கல்லும் சிவகங்கைக் கரியும்

இரும்பும் உருக்கும் இல்லாத தேசம் இக்காலத்தில் பிறர் கையை எதிர்பார்த்தே வாழ வேண்டும் என்பது சிறு பிள்ளைகளும் அறிந்த விஷயம். உருக்கு உற்பத்தியில் பாரத தேசம் 2018ஆம் வருஷத்தில் ஜப்பானைப் பின்தள்ளி உலகத்தில் இரண்டாவது ஸ்தானத்தை அடைந்தது. 2023ல் நமது ஆலைகள் 14 கோடி டன் உருக்கு வார்த்தன. இந்தச் செய்தியைக் கேட்டு நம்மவர் பெருமைப்பட்டனர், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் 1,600 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் நீராய் ஓடும் அந்த உருக்கு எந்தப் பாத்திரத்தில் காய்ச்சப்படுகிறது, அந்தப் பாத்திரம் ஏன் தானும் உருகிப் போகவில்லை, அதற்கு வேண்டிய சரக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

பாத்திரத்தின் வெளிக்கூடு வெறும் இரும்புத் தகடு. உள்ளேயிருக்கும் உருக்கு அதைத் தொட்டுவிட்டால் தகடு உருகி, நூற்றுக்கணக்கான டன் நெருப்புத் திரவம் ஆலைத் தரையில் பாயும். தரையில் தண்ணீர் நின்றால் வெடிக்கும். அருகில் நிற்கும் தொழிலாளி பிழைப்பது அரிது. லேடில் என்று ஆலையில் வழங்கும் பெருவாளியில், தகட்டுக்கும் உருக்குக்கும் நடுவே காவலாக நிற்பது ஏறக்குறைய ஒரு சாண் கனமுள்ள செங்கற் சுவர். தீச்செங்கல் என்று சொல்கிறோமே, அதுதான். ஒரு டன் உருக்கு வார்க்க ஏறத்தாழ 10 கிலோ தீச்செங்கல் தேய்ந்து போகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. அவ்விதம் பார்த்தால் வருஷத்துக்கு 14 லட்சம் டன் செங்கல் நமது உலைகளுக்கு இரையாகிறது.

இவற்றுள் உலையின் மிகக் கடுமையான இடங்களில் வைக்கப்படுவது மாக்னீஷியா மணியும் கிராபைட் கரியும் கூடிய ஒரு கூட்டுச் செங்கல். மாக்னீஷியாவுக்கு மூலமான மாக்னசைட் என்னும் வெள்ளைக்கல் சேலத்தில் இருக்கிறது. கிராபைட் சிவகங்கையில் இருக்கிறது. இரண்டும் நமது ராஜ்யத்து மண்ணிலேயே கிடக்க, நமது உருக்காலைகளில் வைக்கப்படும் உயர்ந்த ரகச் செங்கலுக்கு வேண்டிய மாக்னீஷியாவின் பெரும் பகுதி சீன தேசத்திலிருந்து கப்பலேறி வருகிறது. இதற்குக் காரணம் அந்நியரின் சூழ்ச்சி ஒன்றுதான் என்று மேடையேறிப் பேசுவது சுலபம். உண்மைக் காரணம் வேறு. நமது கல்லை நாம் போதிய அளவு சுத்தம் செய்யவில்லை. சுத்தம் செய்த அளவையும் உலைக்காரன் ஒப்புக்கொள்ளும்படி பரீட்சை செய்து காட்டவில்லை. இந்த இரண்டு விஷயங்களைப் பற்றித்தான் இன்று எழுதப் புகுந்தோம்.

உலையின் உட்சுவரை எந்தப் பொருளால் கட்டுவது என்ற கேள்வி ராஜ்யங்களின் தலைவிதியையே மாற்றியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெஸ்ஸிமர் என்பார் கண்ட உலைக்கு மணற்கல் வகையைச் சேர்ந்த உட்சுவர் இருந்தது. இரும்புக் கனியில் பாஸ்பரம் கலந்திருந்தால் அந்த உலையில் உருக்கு முறியும் குணத்தோடுதான் வரும். பாஸ்பரத்தைப் பிடித்து இழுக்கச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்பைப் போட்டாலோ அது மணற்சுவரைத் தின்றுவிடும். பெரிய பெரிய உலோக சாஸ்திரிகள் கைவிரித்த இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் லண்டன் போலீஸ் கோர்ட்டு ஒன்றில் குமாஸ்தாவாயிருந்த ஸிட்னி கில்கிரிஸ்ட் தாமஸ். பகலில் கோர்ட்டு வேலை. மாலையில் ரசாயனப் படிப்பு. இரும்பாலையில் ரசாயனியாயிருந்த தம் உறவினர் பெர்ஸி கில்கிரிஸ்டைத் துணைகொண்டு, சுண்ணாம்பும் மாக்னீஷியாவும் சேர்ந்த டோலமைட் கல்லைச் சுட்டு உட்சுவர் கட்டினார். 1879ல் மிடில்ஸ்பரோ நகரத்தில் எல்லோர் முன்னிலையிலும் அது பரீட்சை செய்து காட்டப்பட்டது. அதுவரை குப்பையென்று ஒதுக்கப்பட்ட லொரேன் பிரதேசத்துக் கனிகள் அதன்பின் ஜெர்மனியின் பெரும் செல்வமாயின. தாமஸ் 1885ல் தமது முப்பத்தைந்தாம் வயது நிரம்புமுன்பே காலமானார். கோர்ட்டுக் குமாஸ்தாக்களை அலட்சியமாகப் பேசும் நமது வக்கீல் நண்பர்கள் இந்தச் சரித்திரத்தை ஒரு முறை படிப்பது நல்லது.

அதுமுதல் மாக்னசைட் கல்லுக்கு மவுசு ஏறியது. ஆஸ்திரியாவில் ஸ்டீரியா மாகாணத்து வைட்ஷ் என்னும் ஊர்க் கல் உலகச் சந்தையில் முதலிடம் பெற்றது. அதில் இயற்கையாகவே சிறிது இரும்பு கலந்திருந்ததால், சுட்டால் இறுகிக் கெட்டிப்படும். அமெரிக்கரும் அதைத்தான் வாங்கினர். 1914ல் யுத்தம் மூண்டது. ஆஸ்திரியக் கல் வருவது நின்றது. அமெரிக்கர் என்ன செய்தனர்? 1916ல் வாஷிங்டன் ராஜ்யத்தில் சியூவெலா என்னும் ஊரருகே தங்கள் மலையை வெட்டினர். அந்தக் கல் ஆஸ்திரியக் கல்லைப்போல் இறுகவில்லை, இரும்பு போதாது. 'நம் கல் உதவாது' என்று சொல்லி அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. இரும்புக் கனிப் பொடியை அளந்து சேர்த்துச் சுட்டு, வேண்டிய குணத்தை வருவித்துக்கொண்டனர். இந்த ஒரு செய்தியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சேலத்தைப் பற்றிப் பேசும்போது இது மறுபடியும் தேவைப்படும்.

மாக்னீஷியா 2,800 டிகிரியில்தான் உருகும். ஆகையால் உருக்கின் உஷ்ணம் அதற்குப் பொருட்டல்ல. அதன் குறைகள் இரண்டு. முதலாவது, சூடேறினால் மிகவும் விரியும். சடுதியில் சூடும் குளிர்ச்சியும் மாறினால் வெடித்துச் சில்லுச் சில்லாய் விழும். இரண்டாவது, உருக்கின்மேல் மிதக்கும் கசடாகிய கிட்டம் அதன் நுண்துளைகளில் எண்ணெய்போல ஊறிப் பாயும். ஊறிய பகுதி வேறு குணமடைந்து பாளம் பாளமாக உதிரும். கிராபைட்டோ இதற்கு நேர்மாறானது. உஷ்ணத்தை விரைவில் கடத்தும், அதிகம் விரியாது, தாமரை இலையில் நீர் ஒட்டாததுபோலக் கிட்டம் அதில் ஒட்டாது. ஆனால் காற்றுப் பட்டால் அறுநூறு டிகிரியளவிலேயே எரியத் தொடங்கும். ஒன்றின் பலவீனத்தை மற்றொன்றால் மறைத்து, இரண்டையும் ஒரே கல்லாக்கும் வித்தையை 1970களில் ஜப்பானியர் முற்றச் செய்து, மின்சார உலைகளில் சுவர் வேகமாய் அரிபடும் இடங்களில் முதலில் வைத்தனர். பிறகு கன்வர்ட்டர் உலைகளுக்கும் லேடில்களுக்கும் அது பரவிற்று. இன்று உருக்குத் தொழில் இந்தக் கல்லின்மேல்தான் நிற்கிறது என்றால் மிகையாகாது.

மண்ணையும் கரியையும் கூட்டுவது நமக்குப் புதிதா? தென்னாற்காட்டுப் பக்கத்திலும், தெலுங்கானாவில் கோனசமுத்திரத்திலும் முற்காலத்தில் உருக்குக் காய்ச்சிய கொல்லர்கள் களிமண்ணில் நெல் உமியை நிறையப் பிசைந்து மூசை செய்தார்கள். உலையில் உமி கருகிக் கரியும் நுண்ணிய மணற்சத்துமாக மண்ணுக்குள்ளே தங்கி, மூசை உருகாமலும் வெடிக்காமலும் தாங்கியது. உடைந்த மூசைச் சில்லுகளை இக்காலத்து விஞ்ஞானிகள் நுண்கருவிகளால் ஆராய்ந்து இந்த உண்மையைக் கண்டிருக்கின்றனர். பழம்பெருமை பேசி வயிறு நிரம்பாது என்பதை அறிவோம். ஆயினும், இந்த வித்தை நமது மூளைக்கு எட்டாதது என்று சொல்பவர்களுக்கு அந்தச் சில்லுகளே பதில்.

இனிக் கல் செய்யும் முறையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். மாக்னசைட் கல்லைச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு ஓடிப்போகும். மாசில்லாத கல்லானாலும் நூறு கிலோவில் நாற்பத்தெட்டுக் கிலோவுக்குக் குறைவாகத்தான் மாக்னீஷியா நிற்கும். லேசாகச் சுட்டது தண்ணீர் பட்டால் நீறிவிடும். ஆகவே 1,700 டிகிரிக்கு மேல் கடுஞ்சூளையிலிட்டு உயிர்போகச் சுடவேண்டும். அதைவிட உயர்ந்த ரகம் மின்சார உலையில் உருக்கி ஆறவைத்த பாளத்தை உடைத்து எடுப்பது. அதில் பளிங்குகள் பெரியவை; பளிங்கு பெரிதானால் கிட்டம் நுழையும் சந்துகள் குறைவு.

இந்த மணியை ஐந்து மில்லிமீட்டர் முதல் மாவு வரையில் பல தரமாகச் சலித்து, பெரிய மணிகளின் இடைவெளியைச் சிறியவை நிரப்பும்படி கணக்கிட்டுக் கலக்கிறார்கள். முதலில் பெருமணியில் பினாலிக் பிசினைத் தடவி, அதன்மேல் கிராபைட் செதிலை ஒட்டவிட்டு, பிறகு மாவைச் சேர்ப்பது முறை. இந்த வரிசை மாறினால் செதில் ஒரு பக்கமும் மணி ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். கிராபைட்டின் அளவு இடத்துக்குத் தக்கபடி நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை. கரி எரிந்துபோகாமல் தடுக்க அலுமினியம், சிலிகன் முதலிய உலோகப் பொடிகளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். உள்ளே நுழையும் பிராணவாயுவை இவை தாம் முந்திக்கொண்டு விழுங்கிக் கரியைக் காக்கின்றன. ஆனால் அலுமினியம் உஷ்ணத்தில் கரியோடு சேர்ந்து கார்பைடு ஆகும். உலை குளிர்ந்து சும்மா கிடக்கும்போது அந்தக் கார்பைடு ஈரத்தை இழுத்து ஊதிக் கல்லைப் பிளந்துவிடும். ஈரக்காற்று வீசும் நமது மழைக்காலத்தில் இது முக்கியமாகக் கவனிக்கத் தக்கது. குளிர்நாட்டுச் சமையலை அப்படியே நகல் செய்வது போதாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

கலவையைப் பெரிய அழுத்த யந்திரத்தில், காற்றை உறிஞ்சியெடுத்து, கல்லாக அழுத்துகிறார்கள். அழுத்தும்போது கிராபைட் செதில்கள் அடுக்கிய ஓலைபோலப் படுத்துக்கொள்ளும். ஆகவே கல்லுக்கு நெடுக்கில் ஒரு குணம், குறுக்கில் வேறொரு குணம். எந்த முகம் நெருப்பைப் பார்க்கவேண்டும் என்பதைக் கொத்தனார் தெரிந்துகொண்டு வைக்கவேண்டும். பிறகு 200 முதல் 250 டிகிரியில் சில மணி நேரம் பதப்படுத்தினால் பிசின் இறுகும். அவ்வளவுதான். மற்றச் செங்கல்லைப்போல் இதைச் சூளையில் சுடுவதில்லை. உருக்கு உலைதான் இதன் சூளை.

இங்கேதான் பரீட்சையின் சிரமம் தொடங்குகிறது. பதப்படுத்திய கல்லை எடுத்து நிறுத்து, அழுத்தி உடைத்துப் பார்த்தால் எல்லாக் கல்லும் நல்ல கல்லாகவே தோன்றும். கன சென்டிமீட்டருக்கு மூன்று கிராமளவு எடை, நூற்றுக்கு நாலைந்து பங்கு நுண்துளை, போதுமான பலம். இது சாட்சியின் முதல் வாக்குமூலம் போன்றது. எந்தச் சாட்சியும் அதில் தடுமாறுவதில்லை. குறுக்கு விசாரணை வேறு. கல்லைக் கரித்தூளுக்குள் புதைத்து 1,000 டிகிரியில் வேகவைத்தால் பிசின் கரியாகும். அப்போது நுண்துளை இரட்டிப்புக்கு மேலாகும். அந்த அளவுதான் உலையில் உதவும் அளவு. நுண்துளையை அளக்கத் தண்ணீரை உபயோகிக்கக்கூடாது. மாக்னீஷியா தண்ணீரோடு சேர்ந்து மாறிவிடும். மண்ணெண்ணெயில் மூழ்கவைத்து அளக்கிறார்கள்.

பிறகு, கல்லிலிருந்து அறுத்த ஒரு சட்டத்தைக் காற்றுப் படாமல் 1,400 டிகிரிக்குச் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே நடுவில் பாரம் ஏற்றி எந்தப் பாரத்தில் முறிகிறது என்று பார்க்கிறார்கள். குளிர்ந்த நிலையில் வீரனாயிருக்கும் கல் இங்கே வாழைத்தண்டாகிவிடுவது உண்டு. மற்றொரு சட்டத்தைக் காற்றிலேயே சுட்டு, குறுக்கே அறுத்து, கரி எரிந்து வெளுத்த வளையத்தின் அகலத்தை அளக்கிறார்கள். கடைசியாகக் கிட்டப் பரீட்சை. மின்தூண்டல் உலை ஒன்றில் பல ரகக் கற்களைப் பக்கத்தில் பக்கமாக வட்டமாகக் கட்டி, உள்ளே உருக்கையும் கிட்டத்தையும் உருக்கி, கிட்டத்தைப் பலமுறை மாற்றி, மணிக்கணக்காக வைத்திருந்து, ஆறியபின் ஒவ்வொரு கல்லும் எத்தனை மில்லிமீட்டர் அரிபட்டது என்று பார்க்கிறார்கள். இதில் யாரும் யாருக்கும் சலுகை காட்ட முடியாது. சேலத்துக் கல்லும் சீனத்துக் கல்லும் ஒரே நெருப்பில், ஒரே கிட்டத்தில், தோளோடு தோள் நிற்கும்.

இவ்வளவும் தேறிய பிறகும் ஆலைக்காரன் தலையசைக்க மாட்டான். அவன் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை வார்ப்புத் தாங்கும்? லேடில் ஒன்று எதிர்பார்த்ததற்கு முன்பே அரிபட்டால், அதைக் கழற்றிக் கட்டும் செலவும், வார்ப்பு நின்ற நஷ்டமும், செங்கல்லின் விலையைப்போல் பன்மடங்கு ஆகும். ஆகவே விலை சற்றுக் குறைவு என்பதற்காகவோ, சுதேசி என்பதற்காகவோ அவன் அறியாத கல்லை வைக்கமாட்டான். அவனைத் தேசபக்தி இல்லாதவன் என்று நிந்திப்பது தவறு. அவன் கீழ் வேலை செய்யும் தொழிலாளரின் உயிர் அந்த ஒரு சாண் சுவரில் இருக்கிறது.

இப்போது சேலத்துக்கு வருவோம். சேலம் நகருக்கு வடக்கே, சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், வெள்ளைக்காரர்கள் சுண்ணக் குன்றுகள் என்று பெயரிட்ட மேடுகளில் மாக்னசைட் நரம்பு நரம்பாக ஓடுகிறது. அதன் பெயரால் மாக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. 1979ல் நமது ராஜ்ய சர்க்கார் தமிழ்நாடு மாக்னசைட் நிறுவனத்தை ஏற்படுத்தினர். பர்ன் ஸ்டாண்டர்டு கம்பெனியிடம் இருந்த சேலம் தீச்செங்கல் ஆலை 2011ல் மத்திய சர்க்காரின் உருக்கு ஸ்தாபனமாகிய ஸெயில் கைக்கு மாறியது. கல்லும் இருக்கிறது, சூளையும் இருக்கிறது. பின் குறை என்ன?

குறை மணற்சத்து. சேலத்துக் கல்லில் இரும்பு குறைவு, அது நல்லது. ஆனால் சுற்றியுள்ள பாறையிலிருந்து மணற்சத்து அதனோடு ஒட்டி வருகிறது. மணற்சத்தோடு ஒப்பிட்டால் சுண்ணாம்பு எடையில் இரு மடங்குக்குக் குறையாமல் இருந்தால், இரண்டும் கூடி 2,100 டிகிரிக்கு மேல் உருகும் பொருளாக நிற்கும். சுண்ணாம்பு அந்த அளவுக்குக் குறைந்து, அரைகுறையாக இருந்தால், 1,500 டிகிரியை ஒட்டியே இளகிவிடும் வேறு பொருள்கள் மணிக்கும் மணிக்கும் நடுவே உண்டாகும். உருக்கு 1,600 டிகிரியில் நிற்கிறது. மணி கெட்டியாயிருந்தும் மணியைப் பிடித்திருக்கும் சாந்து இளகினால் சுவர் நிற்குமா? இதனால்தான் உயர்ந்த ரகத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்குக் குறையாத மாக்னீஷியா வேண்டும் என்று உலைக்காரர்கள் பிடிவாதம் செய்கிறார்கள். அந்தப் பிடிவாதம் நியாயமானது.

ஆனால் இது தீராத வியாதியா? சியூவெலாக் கல்லுக்கு இரும்பு போதவில்லையென்று அமெரிக்கர் இரும்பைச் சேர்த்தனர். சேலத்துக் கல்லில் மணற்சத்து மிகுந்தால் அதைக் கழிக்கவேண்டும். கழித்தது போக மிஞ்சியதற்கு ஈடாகச் சுண்ணாம்பை அளந்து சேர்க்கவேண்டும். கல்லைப் பொடித்து நுரைநீரில் மிதக்கவிட்டுப் பிரிப்பதும், நிறத்தையும் பளபளப்பையும் யந்திரக் கண்ணால் பார்த்துப் பொறுக்குவதும் உலகத்தில் நடைபெறும் முறைகள். செலவு உண்டு, மறுக்கவில்லை. எல்லாக் கல்லும் முதல் ரகத்துக்கு வாராது என்பதும் உண்மை. கிட்டம் நிற்கும் வரிசைக்கு மிகச் சுத்தமான மணியும், மற்ற இடங்களுக்கு அடுத்த ரகமும் என்று பிரித்து உபயோகித்தால் போதும். உலையிலிருந்து கழற்றிய பழங்கல்லை உடைத்துச் சுத்தம் செய்து மறுபடியும் கலப்பதும் இப்போது வழக்கத்தில் வந்திருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் மக்னீசியம் இருக்கிறது. தூத்துக்குடி அளங்களில் உப்பெடுத்தபின் நிற்கும் கசப்பு நீரில் அது பன்மடங்கு செறிந்திருக்கிறது. அது தனிக் கதை. வேறொரு நாள் எழுதுவோம்.

சுரங்கத்தால் வரும் தீங்கையும் மறைக்கக்கூடாது. வெட்டிப் போட்ட கழிவு குன்று குன்றாக நிற்பதையும், வெண்தூசி வயல்களில் படிவதையும் சேலத்தார் நன்கு அறிவர். கல்லைச் சுத்தம் செய்யாமல், பத்து டன் வெட்டி ஏழு டன் எறியும் முறையில் தொழில் நடந்தால் இந்தத் தீங்கு பெருகும். சுத்தம் செய்யும் வித்தை வளர்ந்தால் எறிவது குறையும். ஆகவே இந்த விஷயத்தில் விவசாயியின் நன்மையும் தொழிலின் நன்மையும் முரண்பட வேண்டிய அவசியமில்லை.

சிவகங்கையின் விஷயம் இதைவிட நம்பிக்கை தருவது. அங்குள்ள கிராபைட் செதில் வகையைச் சேர்ந்தது. தீச்செங்கல்லுக்கு வேண்டியதும் செதில்தான். தமிழ்நாடு கனிம நிறுவனம் அதை வெட்டியெடுத்து, நுரைநீரில் மிதக்கவிட்டுச் சுத்தம் செய்கிறது. மண்ணோடு வரும் கனியில் சராசரி நூற்றுக்குப் பதினாலு பங்கே கரி. சுத்தம் செய்தபின் தொண்ணூறைத் தாண்டும். செதிலைப் பொடியாக்காமல் முழுதாகக் காப்பதுதான் இதில் சாமர்த்தியம். பெரிய செதில் மெதுவாக எரியும், சிறிய செதில் விரைவில் எரியும்.

சீன தேசத்துச் சரக்கையே நம்பியிருப்பதால் என்ன கெடுதல் என்று சிலர் கேட்கலாம். மலிவாய்க் கிடைக்கும்போது வாங்குவதில் தவறில்லை என்பது அவர்கள் வாதம். 2016ல் அமெரிக்காவும் ஐரோப்பிய யூனியனும் சீனத்தின்மீது உலக வர்த்தக ஸ்தாபனத்தில் வழக்குத் தொடர்ந்தன. ஏற்றுமதிக்கு வரியும் தடையும் விதித்துப் பிற நாட்டுத் தொழில்களை நெருக்குவதாகக் குற்றச்சாட்டு. அந்த வழக்கில் சொல்லப்பட்ட சரக்குகளுள் மாக்னீஷியாவும் உண்டு, கிராபைட்டும் உண்டு. 2017ல் லியாவோனிங் மாகாணத்தில், புகையும் தூசியும் அடக்கவேண்டும் என்ற காரணத்தால், மாக்னீஷியாச் சூளைகள் பல மூடப்பட்டன. உலகச் சந்தையில் விலை இரட்டிப்பைத் தாண்டி ஏறியது. 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இயற்கைக் கிராபைட் செதில் உள்ளிட்ட சில வகைகளைச் சர்க்கார் அனுமதியின்றி அனுப்பக்கூடாது என்று சீனம் விதித்தது. தன் ஊரைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும், தன் சரக்கைத் தன் இஷ்டப்படி விற்கவும் அந்த தேசத்துக்கு உரிமை உண்டு. அதைக் குறைகூற நாம் யார்? நம்முடைய உலை அவர்களுடைய உத்தரவுக்குக் காத்து நிற்பதுதான் நமக்குக் கவலை.

மற்றொரு விஷயத்தையும் சொல்லவேண்டும். செங்கல் செய்யும் ஆலைகள் நமது தேசத்தில் பல உண்டு. திறமையான நம்மவர்களே அவற்றை நடத்துகின்றனர். ஆனால் உடைமை மாறி வருகிறது. டாட்டா ரிபிராக்டரீஸ் கம்பெனியில் 2011ல் ஜப்பானின் குரோஸாக்கி ஹரிமா பெரும்பங்கை வாங்கியது. டால்மியாவின் இந்தியத் தீச்செங்கல் தொழில் 2023ல் ஆர்.எச்.ஐ. மாக்னசிட்டாவைச் சேர்ந்தது. அந்தக் கம்பெனியின் பூர்வோத்தரம் யாது? 1914ல் யாருடைய கல் நின்றதால் அமெரிக்கர் தவித்தனரோ அந்த வைட்ஷ் சுரங்கந்தான் அதன் மூலம். ஒரு மலையை நம்பித் தொடங்கி, அந்த மலையின் கல்லை விடாமல் ஆராய்ந்து, நூற்று நாற்பது வருஷங்களில் அவர்கள் உலகம் முழுவதும் பரவினார்கள். அந்நிய முதல் நமது தேசத்தில் வந்து ஆலை வைத்து நம்மவருக்கு வேலை தருவதை நாம் வெறுக்கவில்லை. ஆனால் எந்த மணியை வாங்குவது, எந்தக் கல்லைப் பரீட்சிப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் வியன்னாவிலோ டோக்கியோவிலோ இருக்குமானால், சேலத்துக் கல்லைச் சீர்திருத்தும் கவலை அங்குள்ளவர்களுக்கு ஏன் வரவேண்டும்? அந்தக் கவலை நமக்குத்தான் வரவேண்டும்.

பரீட்சைக்கு வேண்டிய அறிவு நம்மிடம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. மாளவியாஜி நிறுவிய காசி ஹிந்து சர்வகலாசாலையில் 1924லேயே பீங்கான் தொழில் கல்வி தொடங்கியது. கல்கத்தாவில் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சிசாலை 1950ல் திறக்கப்பட்டது. சென்னை அண்ணா சர்வகலாசாலையில் இதற்கென ஓர் இலாகா உண்டு. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்கல்வி நிலையம் உண்டு. தீச்செங்கல்லை எப்படி மாதிரி எடுத்து எப்படிப் பரீட்சிப்பது என்பதற்கு 1528ஆம் எண்ணுள்ள இந்தியத் தரநிர்ணயமே பல பாகங்களாக அச்சிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. வேண்டியது, சேலத்துக் கல்லை வெட்டுகிறவன், சிவகங்கைச் செதிலைக் கழுவுகிறவன், செங்கல் அழுத்துகிறவன், உருக்கு வார்க்கிறவன் ஆகிய நால்வரையும் ஒரே மேஜையில் உட்காரவைப்பது. அதைச் செய்யக்கூடியவர்கள் ராஜ்ய சர்க்கார்தான். ஏனெனில் முதலிருவரும் அவர்கள் கையிலேயே இருக்கிறார்கள்.

நமது யோசனை இது. சேலத்து மணியைச் சுத்தம் செய்து, மின்சார உலையில் உருக்கிச் சில நூறு டன் மட்டும் முதலில் எடுக்கவேண்டும். சிவகங்கைப் பெருஞ்செதிலை அதனோடு கூட்டிக் கல் அழுத்தவேண்டும். மேலே சொன்ன பரீட்சைகள் எல்லாவற்றையும், கல் செய்தவனுக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆராய்ச்சிசாலையில் நடத்தி, முடிவு சாதகமானாலும் பாதகமானாலும் அச்சிட்டு வெளியிடவேண்டும். தேறினால், பொது உடைமையான உருக்காலை ஒன்றில் ஒரு லேடிலை எடுத்து, கிட்டம் நிற்கும் வரிசையில் பாதிச் சுற்று வழக்கமான கல்லும் பாதிச் சுற்று நமது கல்லுமாகக் கட்டவேண்டும். தினமும் சுவரின் கனத்தைக் கருவியால் அளந்து, இரண்டில் எது முதலில் எல்லையைத் தொட்டாலும் அன்றே லேடிலைக் கழற்றிவிடவேண்டும். தொழிலாளர் உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் பரீட்சை நமக்கு வேண்டாம். கழற்றியபின் இரு பக்கத்திலும் எஞ்சிய கனத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து எழுதவேண்டும். நஷ்டம் வந்தால் அதைத் தாங்க ஆலைக்குச் சர்க்கார் முன்கூட்டியே உறுதி தரவேண்டும். ஒரு லேடிலின் பாதிச் சுற்றுக்கு வேண்டிய கல் ஒரு லாரிச் சுமைக்கு மேல் ஆகாது.